வரைபடத்தில் இருந்த பாதை

1

வரைபடத்தில் பாதை இருந்தது. தரையில் மக்காச்சோளம் இருந்தது.

மூன்று மாத வேலையாக அலுவலகத்தில் என்னைப் பாரிசுக்கு அனுப்பியிருந்தார்கள். வார நாட்களில் கணினித் திரை, இரவில் சென்னையோடு ஃபோன் மீட்டிங். ஞாயிற்றுக்கிழமை மட்டும் எனக்கானது. அன்று ஏதாவது ஒரு புறநகர் ரயிலில் ஏறி, பெயர் பிடித்த ஊரில் இறங்கி, மாலைவரை நடப்பேன். அப்படித்தான் ஆகஸ்ட் கடைசியில் பெர்ஷ் பகுதிக்குப் போனேன். பாரிசுக்குத் தென்மேற்கே உள்ள, உயரம் குறைந்த குன்றுகளின் நாடு அது. மேய்ச்சல் நிலம், ஆப்பிள் மரங்கள், நிலத்துக்கு நிலம் உயிர்வேலிகள். பெர்ஷெரோன் என்ற கனத்த வண்டிக்குதிரை இந்த மண்ணைச் சேர்ந்ததுதான். நொஜான்-ல-ரொத்ரூ நிலையத்தில் இறங்கி இரண்டு மணி நேரம் நடந்தால் மனிதர்கள் குறைந்துவிடுவார்கள், மாடுகள் கூடிவிடும்.

செல்போன் வரைபடத்தில் ஒரு புள்ளிக்கோடு ஓடை வரை போனது. நான் அதன் தொடக்கத்தில் நின்றேன். எதிரே ஆளுயரத்துக்கு மேல் சோளம். இடது பக்கம் போய்ப் பார்த்தேன், வலது பக்கம் போய்ப் பார்த்தேன். வழியே இல்லை. ஜிபிஎஸ் புள்ளி மட்டும் "நீ பாதையில்தான் நிற்கிறாய்" என்று நீல நிறத்தில் துடித்துக்கொண்டிருந்தது.

டிராக்டர் கொட்டகையிலிருந்து ஒரு முதியவர் வந்தார். எண்பதை நெருங்கியிருப்பார். என் அரைகுறைப் பிரெஞ்சில் வழி கேட்டேன். அவர் சோளத்தைக் கைகாட்டிச் சொன்னது ஏறத்தாழ இதுதான்: "இங்கதான் இருந்துச்சு. எங்க அம்மா இந்த வழியாத்தான் மாவு அரைக்கப் போவாங்க."

"இப்ப எங்க?"

"சோளத்துக்குள்ள." கொஞ்சம் யோசித்தார். "கொம்யூன் அதை விக்கல. நானும் வாங்கல. வருஷத்துக்கு ஒரு சால் கூட உழுதேன். யாரும் கேக்கல. யாரும் நடக்கவும் இல்ல."

அவர் குரலில் குற்ற உணர்ச்சியும் இல்லை, திமிரும் இல்லை. என்னைச் சாலை வழியாகத் திரும்பிப் போகச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

தார்ச்சாலையில் திரும்பி நடக்கும்போது எனக்கு எரிச்சலாக இருந்தது. அறைக்கு வந்ததும் எரிச்சல் கேள்வியாக மாறியது. ஒரு பாதை யாருடையது? அது எப்படிச் சாகிறது? அப்படியென்றால் மற்ற பாதைகள் எப்படி இன்னும் உயிரோடு இருக்கின்றன?

2

பிரான்சில் இந்த மாதிரிக் கேள்விக்கு வீட்டிலிருந்தே பாதி பதில் தேடிவிடலாம். நெப்போலியன் காலத்தில், 1807இல் தொடங்கி, நிலவரிக்காக நாட்டின் ஒவ்வொரு துண்டு நிலத்தையும் அளந்து வரைந்தார்கள். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் எடுத்த வேலை. அந்தப் புல வரைபடங்களில் பெரும்பாலானவை இன்று மாவட்ட ஆவணக் காப்பகங்களின் இணையதளங்களில் இருக்கின்றன. அந்த ஊரின் தாளைத் தேடி எடுத்தேன். நீர்வண்ணம் பூசிய கோடுகளுக்கு நடுவே என் பாதை கிடந்தது. சாய்ந்த கையெழுத்தில் 'ஆலைப் பாதை' என்று எழுதியிருந்தது.

ஐ.ஜி.என். என்கிற தேசிய வரைபட நிறுவனம் 1950களில் விமானத்திலிருந்து எடுத்த படங்களையும் இன்றைய படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒரு தளம் வைத்திருக்கிறது. பழைய படத்தில் நாட்டுப்புறம் உடைந்த ஓட்டுச்சில்லுகளை ஒட்டவைத்த மாதிரி இருந்தது. சின்னச் சின்ன வயல்கள், ஒவ்வொன்றைச் சுற்றிலும் உயிர்வேலி. இரண்டு உயிர்வேலிகளுக்கு நடுவே ஒரு வெளிறிய இழை ஓடைக்கு இறங்கியது. புதிய படத்தில் அதே இடம் ஒரே பெரிய செவ்வகம்.

இடையில் நடந்ததன் பெயர் 'ரெமாம்ப்ரமான்', நில ஒருங்கிணைப்பு. தலைமுறை தலைமுறையாகப் பாகம் பிரித்துச் சிதறிய துண்டு நிலங்களைச் சேர்த்து, ஒவ்வொரு விவசாயிக்கும் பெரிய துண்டாகத் திருப்பித் தருவது. 1941ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு வழி செய்தது. போருக்குப் பிறகு, குறிப்பாக 60களிலும் 70களிலும், வேகமாக நடந்தது. டிராக்டர் திரும்ப இடம் வேண்டும். உயிர்வேலி போனது, வாய்க்கால் போனது, அவற்றை ஒட்டி ஓடிய பாதையும் போனது.

இதை வெறும் அழிவுக் கதையாகச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. போர்க்காலத்தில் பிரான்சில் ரொட்டி ரேஷனில் இருந்தது. போர் முடிந்தும் சில ஆண்டுகள் அப்படியேதான் நீடித்தது. ஊரைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு இடங்களில் சிதறிக்கிடந்த நிலத்தை வைத்துக்கொண்டு ஒரு குடும்பம் இயந்திர விவசாயம் செய்ய முடியாது. ஞாயிற்றுக்கிழமை நடக்க வந்த எனக்கு உயிர்வேலி அழகு. திங்கட்கிழமை உழ வேண்டியவருக்கு அது வேறு கணக்கு.

ஆனால் பாதைகள் அதற்கு முன்பே தரம் பிரிக்கப்பட்டுவிட்டன. 1836இல் வந்த ஒரு சட்டம் ஊரோடு ஊரை இணைக்கும் முக்கியப் பாதைகளைத் தனியாக எடுத்தது. அவற்றைச் சீர்செய்ய ஊர்மக்களிடமிருந்து வருடத்துக்கு மூன்று நாள் வரை உழைப்பையோ அதற்கு ஈடான பணத்தையோ கேட்கலாம் என்றது. அந்தப் பாதைகள் கல் போட்டு, பின்னால் தார் போட்டு, இன்றைய கிராமச் சாலைகள் ஆகிவிட்டன. மிச்சம் இருந்தவை வயலுக்கு, ஆலைக்கு, கிணற்றுக்கு, பக்கத்து ஊர்க் கோயிலுக்குப் போகும் பாதைகள். அவற்றை 'ஷெமேன் ருரால்', நாட்டுப்புறப் பாதை என்றார்கள். 1881இல் அவற்றுக்கென்று தனிச் சட்டம் வந்தது.

இப்போது நடைப்பயணிகள் கொண்டாடும் மண்பாதைகளில் பல இந்த மிச்சம்தான். சாலையாகும் அளவுக்கு முக்கியம் இல்லாததால் தார் படவில்லை. உழும் அளவுக்கு யாருக்கும் அவசரம் இல்லாததால் ஏர் படவில்லை. இரண்டு முறை கண்ணில் படாமல் தப்பியவை.

3

அடுத்த ஞாயிறு ஃபோந்தேன்புளோ காட்டுக்குப் போனேன். பாரிசிலிருந்து முக்கால் மணி நேர ரயில் பயணம். நடப்பதற்காகவே பாதை போடுவது, அதற்கு வண்ணக் குறி இடுவது என்ற யோசனை பிரான்சில் தொடங்கியது இங்கேதான்.

கிளோது-பிரான்சுவா தெனெகூர் 1788இல் பிறந்தவர், நெப்போலியனின் படையில் காயம்பட்ட பழைய சிப்பாய். ஃபோந்தேன்புளோவில் ராணுவக் குடியிருப்பின் வாயில்காப்பாளராக இருந்தார். 1832இல் அரசியல் கருத்துகளுக்காக அந்த வேலையும் போனது. மனம் உடைந்த மனிதர் காட்டுக்குள் அலையத் தொடங்கினார். பாறைகள், மணல், ஓக் மரங்கள். 1839இல் வழிகாட்டி நூல் ஒன்றை எழுதி வெளியிட்டார். 1842இலிருந்து பாறையிலும் மரத்திலும் நீல வண்ணத்தில் குறியிட்டு, வழிகாட்டி ஆள் இல்லாமலே யாரும் நடந்து திரும்பிவரும்படி பாதைகள் அமைத்தார். பெரும்பாலும் சொந்தப் பணத்தில். 1875இல் இறக்கும்போது ஏறத்தாழ 150 கிலோமீட்டர் பாதை விட்டுச்சென்றார். அந்த நீலக் குறிகள் இன்றும் இருக்கின்றன.

அவரை ஒரு துறவியாக நினைத்தால் ஏமாந்துபோவோம். பாறை இடுக்குகளைக் குடைந்து குகை ஆக்கினார். மரங்களுக்கும் பாறைகளுக்கும் அரசர்கள், கவிஞர்களின் பெயர்களை வைத்தார். இல்லாத கதைகளை இடங்களோடு ஒட்டினார். வழிகாட்டி நூல்களைத் திரும்பத் திரும்ப அச்சிட்டு விற்றார். 1849இல் பாரிசிலிருந்து ரயில் வந்ததும் கூட்டம் வந்தது. நான் 'இயற்கை' என்று மூச்சை இழுத்துவிட்ட சில வளைவுகள், எந்த இடத்தில் நான் மூச்சை இழுப்பேன் என்று யோசித்து ஒருவர் போட்டவை. இது எனக்கு ஏமாற்றமாக இல்லை. பயனர் எங்கே தடுமாறுவார் என்று யோசிப்பதுதான் என் பிழைப்பும். தெனெகூர் அதைக் காட்டில் செய்திருக்கிறார்.

1855இல் எழுத்தாளர்கள் சேர்ந்து அவருக்கு ஒரு மரியாதைத் தொகுப்பு கொண்டுவந்தார்கள். ஜார்ஜ் ஸான்ட், நெர்வால் எல்லோரும் எழுதினார்கள். மரம் செடிகளைப் பார்த்து உருகுவது தனக்கு வராது என்று சொல்லிவந்த பொதலேரும் எழுதினார். அவருடைய முதல் உரைநடைக் கவிதைகள் இரண்டு அச்சில் வந்தது இந்தத் தொகுப்பில்தான். வேலை இழந்த ஒரு வாயில்காப்பாளரின் நடைபாதைகளுக்கும் நவீன கவிதைக்கும் இப்படி ஓர் உறவு.

4

தெனெகூரின் பாதைகள் ஒரு காட்டுக்குள் முடிந்துவிட்டன. கிழக்கே வோஜ் மலையில் 1872இல் தொடங்கிய ஒரு சங்கம் தன் மலைக்குத் தன் குறிகளை இட்டது. நாடு முழுவதற்கும் ஒரே குறி என்ற யோசனைக்கு இன்னும் காலம் இருந்தது. அதற்கு முதலில் நடக்க நேரம் உள்ள மக்கள் வேண்டும்.

1936 ஜூனில் மக்கள் முன்னணி அரசு இரண்டு சட்டங்கள் கொண்டுவந்தது. வாரத்துக்கு 40 மணி நேர வேலை, வருடத்துக்கு இரண்டு வாரம் சம்பளத்தோடு விடுமுறை. லெயோ லக்ராஞ்ஜ் என்ற இளம் துணையமைச்சர் தொழிலாளர்களுக்குச் சலுகை விலையில் ரயில் டிக்கெட் ஏற்பாடு செய்தார். ஆலைச் சங்கைத் தவிர வேறு கடிகாரம் தெரியாத பலர் அந்தக் கோடையில்தான் முதன்முறையாகக் கடலையும் கிராமத்தையும் விருந்தாளியாகப் பார்த்தார்கள். சனிக்கிழமை மாலை லேப்டாப்பை மூடும்போது நான் இதை நினைத்துக்கொள்வேன். நடைப்பயணத்தின் வரலாற்றில் கால்களுக்கு முன்னால் விடுமுறை வருகிறது.

ழான் லுவாசோ என்ற கட்டடக் கலைஞர் இதே காலத்தில் இளைஞர்களைக் கூட்டிக்கொண்டு நடந்துகொண்டிருந்தார். நாட்டின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு நடந்தே போகும்படி நெடும்பாதைகள் வேண்டும் என்று எழுதினார். போர் வந்தது, ஆக்கிரமிப்பு வந்தது. போர் முடிந்து இரண்டு ஆண்டுகளில், 1947 ஆகஸ்டில், நெடுநடைப் பாதைகளுக்கான தேசியக் குழு உருவானது. அதே மாதம் லுவார் நதிக்கரையில் ஓர்லியானிலிருந்து போஜான்சி வரை முதல் துண்டுக்குக் குறி இட்டார்கள். எண் ஜி.ஆர். 3. வெள்ளைப் பட்டை மேலே, சிவப்புப் பட்டை கீழே.

புதிய பாதை எதையும் அவர்கள் வெட்டவில்லை என்பது கவனிக்க வேண்டியது. ஆற்றங்கரையில் படகை இழுப்பவர்கள் நடந்த தடம், மேய்ப்பர் தடம், ஆலைப் பாதை. ஏற்கனவே இருந்தவற்றைக் கோத்து ஓர் எண் கொடுத்தார்கள். 'பழமையான' பாதைகள் பலவும் இப்படித்தான் பிறந்தன. ல புய் நகரிலிருந்து சாந்தியாகோ நோக்கி ஆயிரக்கணக்கானோர் நடக்கும் ஜி.ஆர். 65 பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். இடைக்கால யாத்ரீகர்கள் அந்தத் திசையில் நடந்தது உண்மை. ஆனால் இன்று நாம் கால் வைக்கும் கோடு 1970களில் தன்னார்வலர்கள் தேர்ந்தெடுத்தது. பழைய பெருவழி பல இடங்களில் தார்ச்சாலை ஆகிவிட்டதால், பக்கத்தில் இருந்த மண்பாதைகளை எடுத்துக்கொண்டார்கள்.

5

அந்த முதல் துண்டைப் பார்க்க போஜான்சிக்குப் போனேன். லுவார் அகலமான, சோம்பலான நதி. நடுவில் மணல் திட்டுகள், கரையில் வில்லோ மரங்கள். மேடு பள்ளம் ஏதும் இல்லை. பாதை நதியை விட்டு விலகும் ஓர் இடத்தில் இரண்டு பேர் ஒரு மரத்தோடு ஏதோ செய்துகொண்டிருந்தார்கள். இருவருக்கும் எழுபது வயது இருக்கும். ஒருவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை, மற்றவர் ரயில்வேயில் இருந்தவர். கையில் சுரண்டி, கம்பித் தூரிகை, கிளை வெட்டும் கத்தரி, இரண்டு சின்ன பெயிண்ட் டப்பா.

குறியிடுபவர்களுக்கு 'பாலிசர்' என்று பெயர். தன்னார்வலர்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டு ஒதுக்கப்பட்டிருக்கும். வருடத்துக்கு ஒருமுறையாவது நடந்து பார்க்க வேண்டும். மரம் விழுந்திருக்கலாம், மரத்தோடு குறியும் போயிருக்கலாம். பாசியைச் சுரண்டி, காயவிட்டு, முதலில் வெள்ளை, பிறகு சிவப்பு. திருப்பத்துக்கு முன்னால் வளைந்த குறி. தவறான வழியில் பெருக்கல் குறி. திரும்பியதும் சில அடிகளில் இன்னொரு சாதாரணக் குறி.

"அது எதுக்கு?" என்றேன்.

"நீங்க சரியாத்தான் வந்திருக்கீங்கன்னு சொல்ல," என்றார் ஆசிரியை. "வழி தெரிஞ்சவங்களுக்கு அது தேவையில்ல. சந்தேகப்படறவங்களுக்காக."

நிறையக் குறி இடுவது தவறாம். மரமெல்லாம் வண்ணம் அடித்தால் காடு விளம்பரப் பலகை ஆகிவிடும். குறைந்த குறிகளில் யாரும் தொலையாமல் இருக்க வேண்டும். எங்கள் அலுவலகச் சுவரில் ஒட்டவேண்டிய வாசகம் என்று நினைத்துக்கொண்டேன்.

பெர்ஷில் பார்த்ததை அவர்களிடம் சொன்னேன். ரயில்வேக்காரர் சிரிக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு சட்டத்தை விளக்கினார். பிறகு நானும் படித்துச் சரிபார்த்துக்கொண்டேன்.

நாட்டுப்புறப் பாதை கொம்யூனின் சொத்து, அதாவது ஊராட்சியின் சொத்து. ஆனால் பெருஞ்சாலை போல விற்கவே முடியாத பொதுச் சொத்து அல்ல, ஊராட்சியின் 'தனிச்சொத்து'. மக்கள் பயன்படுத்துவது நின்றுவிட்டால், பொது விசாரணை நடத்திவிட்டு ஊராட்சி அதை விற்கலாம். பாதையை ஒட்டி நிலம் உள்ளவர்களுக்கு முதலில் வாங்கும் வாய்ப்பு தரவேண்டும். விற்காவிட்டாலும், ஒருவர் முப்பது ஆண்டுகள் வெளிப்படையாக, தகராறில்லாமல் அனுபவித்துவந்தால் அது அவருக்கே போய்விடலாம். வருடத்துக்கு ஒரு சால் உழுததன் பொருள் எனக்கு அப்போதுதான் புரிந்தது.

மறுபக்கமும் இருக்கிறது. மக்கள் அந்த வழியே நடந்துபோகிறார்கள் என்பதே அது பொதுப் பயன்பாட்டில் உள்ளது என்பதற்குச் சட்டம் ஏற்கும் அடையாளம். ஊராட்சி அதைத் தொடர்ந்து கவனித்துப் பராமரிப்பது இன்னொரு அடையாளம். 1983 ஜூலைச் சட்டம் ஒவ்வொரு மாவட்டமும் நடைப்பாதைத் திட்டம் ஒன்றைத் தயாரிக்க வழிசெய்தது. அந்தப் பட்டியலில் ஏறிவிட்ட நாட்டுப்புறப் பாதையை விற்க வேண்டுமென்றால் நடப்பதற்கு ஏற்ற மாற்றுப்பாதை காட்டியாக வேண்டும். 2022இல் வந்த சட்டம் இன்னொன்று சேர்த்தது. ஓர் ஊராட்சி தன் பாதைகளைக் கணக்கெடுக்க முடிவு செய்தால், அந்த முப்பது ஆண்டுக் கடிகாரம் அதிகபட்சம் இரண்டு ஆண்டுகள் நின்றுவைக்கும்.

"அப்ப அந்த ஊர்ல யாராவது மேயர்கிட்ட கேக்கணும்," என்றேன்.

"கேக்கறதுக்கு முதல்ல ஒரு பாதை அங்க இருந்துச்சுன்னு யாருக்காவது ஞாபகம் இருக்கணும்," என்றார் அவர்.

ஆசிரியை தூரிகையை என்னிடம் நீட்டினார். வெள்ளை அவர் போட்டது. சிவப்பு நான் போட்டேன். ஒரு பக்கம் வழிந்துவிட்டது. விரல்நுனியால் துடைத்துச் சரிசெய்தார். எத்தனை வருஷம் இருக்கும் என்று கேட்டேன். சில வருடம்தான், பிறகு யாராவது மறுபடி வரவேண்டும் என்றார். யார் வருவார்கள் என்று நான் கேட்கவில்லை. பெயிண்ட் டப்பாவைத் தூக்கிக்கொண்டு நடந்த அவர்களின் முழங்கால்களைப் பார்த்தேன்.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. ஒரு செயல்கூற்றை யாருமே அழைக்கவில்லை என்று பதிவேட்டில் தெரிந்தால் அதை நீக்கிவிடுவோம். சுத்தமான வேலை என்று பாராட்டும் கிடைக்கும். நான் நூற்றுக்கணக்கில் நீக்கியிருக்கிறேன். பாதை விஷயத்தில் சட்டமும் அதே தர்க்கத்தில்தான் இயங்குகிறது. ஒரே ஒரு வித்தியாசம்: பாதையை எந்தச் சேமிப்பிலிருந்தும் மீட்க முடியாது. அது எங்கே போனது என்று சொல்ல வரைபடம் போதும். அதன் வழியே போக, வரைபடம் போதாது.

6

நவம்பர் முதல் வாரம், ஊர் திரும்பும் முன் கடைசி ஞாயிறு, மறுபடி பெர்ஷுக்குப் போனேன். பையில் பழைய புல வரைபடத்தின் ஒரு அச்சுப்பிரதி. சோளம் அறுத்திருந்தார்கள். முழங்கால் உயரத் தட்டை. அதற்கு அப்பால், ஓடையின் மர வரிசை முதல்முறையாகக் கண்ணுக்குத் தெரிந்தது. ஐந்நூறு மீட்டர் கூட இருக்காது.

முதியவர் கொட்டகையில்தான் இருந்தார். என்னை அடையாளம் தெரிந்துகொண்டார். தாளை அவரிடம் கொடுத்தேன். கண்ணாடியை எடுத்துவந்து நெடுநேரம் பார்த்தார். ஆலைப் பாதை என்ற எழுத்தின் மேல் விரல் நின்றது. அவர் கோபப்படுவார் என்று நினைத்திருந்தேன். வெளிநாட்டிலிருந்து ஒருவன் வந்து உன் நிலத்தில் இருநூறு வருடப் பழைய கோட்டைக் காட்டினால் யாருக்குத்தான் வராது?

"இத நான் வெச்சுக்கலாமா?" என்றார்.

உங்களுக்குத்தான் என்றேன். அதை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, பூட்ஸ் மாட்டிக்கொண்டு, "வாங்க" என்று முன்னால் நடந்தார்.

தட்டைகளுக்கு நடுவே நடந்தோம். ஈரமண் பூட்ஸில் ஒட்டி ஒட்டிக் கனத்தது. நான் செல்போனைப் பார்த்துக்கொண்டு வந்தேன். அவர் எதையும் பார்க்கவில்லை. ஓரிடத்தில் காரணமே இல்லாமல் கொஞ்சம் இடப்பக்கம் விலகி நடந்தார். திரையில் புள்ளிக்கோடும் அதே இடத்தில் இடப்பக்கம் வளைந்தது. அங்கே ஒரு பேரிக்காய் மரம் இருந்ததாம், அதைச் சுற்றித்தான் பாதை போகுமாம். மரம் போய் ஐம்பது வருடம் ஆகிறது.

ஓடைக்கரையில் நின்றார். அக்கரையில் புதருக்குள் ஒரு கற்சுவர் மட்டும் தெரிந்தது. ஆலை.

"அடுத்த வருஷம் இந்தப் பக்கம் ரெண்டு சால் விட்டுடலாம்," என்றார். என்னிடம் சொன்னாரா, தனக்கே சொல்லிக்கொண்டாரா என்று தெரியவில்லை. "நடக்க ஆள் வருவாங்களா?"

என்னால் உறுதி சொல்ல முடியவில்லை. மறுநாள் காலை எனக்கு விமானம். திரும்பி வரும்போது நாங்கள் போன கால்தடங்களின் மீதே நடந்து வந்தோம்.